எந்தக் கால் கனக்கிறது?

ஜனவரி 12

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

போனை எடுப்பதில்லை, அனுப்பிய படங்களைப் பார்ப்பதில்லை, பெண்ணைக் கொடுத்த கையோடு நம்மை மறந்துவிட்டாளா என்று நீங்கள் முறுக்கிக்கொண்டிருப்பீர்கள். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். போன் திரையில் எழுத்து நகர்ந்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. காகிதம் ஒன்றுதான் வைத்த இடத்தில் இருக்கிறது. அதனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பேனாவும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு உடம்புக்கு முடியாமல் போனதை மாப்பிள்ளை சொல்லியிருப்பார். அவர் சொன்னால் இரண்டு வாக்கியத்தில் முடித்திருப்பார். நான் முழுசாகச் சொல்கிறேன். பார்லரில் ஒரு அம்மாவுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று எதிர்ச்சுவர் கிளம்பி ஓட ஆரம்பித்தது. கூடவே கண்ணாடி, நாற்காலி, அந்த அம்மாவின் தலை எல்லாம் ராட்டினம் சுற்றின. கத்தரியைக் கீழே வைத்தேன் பாருங்கள், அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது. அந்த அம்மா தங்கமானவர். பாதி வெட்டிய தலையோடு என்கூடவே ஆம்புலன்சில் வந்தார். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரைத்தான் நோயாளி என்று நினைத்தார்கள்.

வலது காதுக்குள்ளே இருக்கிற நரம்பு கெட்டுவிட்டதாம். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் சமதரையில் நின்றாலும் தரை வலது பக்கம் சரிகிற மாதிரியே இருக்கிறது. வீட்டுக்குள் சுவரைத் தடவித் தடவி நடக்கிறேன். தெருவில் தடவச் சுவர் இல்லை, அதனால் தெரு இல்லை.

பயிற்சி கொடுக்கிற பிசியோ பெண் வாய்த் துடுக்கு. "ஆன்ட்டி, காது ரிப்பேர். கண்ணு பயத்துல பொய் சொல்லுது. மிச்சம் இருக்கறது கால் மட்டும்தான், அதுக்கு வேலை குடுங்க" என்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. குழி வெட்டி வைத்திருக்கும் அந்தப் புல்தரையில், கண்ணை மூடிக்கொண்டு பாதத்தாலேயே சரிவைக் கண்டுபிடிக்க ஒரு கோச் வகுப்பு எடுக்கிறாராம். விழுந்தாலும் புல்தானே என்று என்னை அங்கே அனுப்பிவிட்டாள்.

"வெயில்ல போய்க் குழியைத் தேடுற விளையாட்டு" என்று உங்களை எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறேன்! இப்போது வயிறாரச் சிரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சம்பந்தி

ஜனவரி 25

அன்புள்ள சம்பந்திக்கு,

சிரித்தேன். அதற்கு முன்னால் கொஞ்சம் அழுதேன், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். என் கையெழுத்து புரியாவிட்டால் பக்கத்து மருந்துக் கடையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மாத்திரை ஏதாவது கொடுத்தால் வாங்க வேண்டாம்.

கோல்ஃப் மைதானத்துக்கு நீங்கள் போகிறீர்கள் என்பதே எனக்குப் பண்டிகை. ஆனால் காலால் பார்ப்பதாவது! நான் கண் டாக்டர். வாழ்நாளெல்லாம் கண்ணை நம்பிச் சோறு தின்றவளிடம் வந்து இப்படிச் சொல்லலாமா? குழி இருக்கிற அந்தப் புல்தரையைக் கிரீன் என்போம், அதில் பந்து நேராக ஓடாது. தரை எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் வளைந்து ஓடும். அந்தச் சரிவைக் கண்டுபிடிக்க நான் பந்துக்குப் பின்னால் குந்தி, ஒரு கண்ணை மூடி, மட்டையைத் தூக்குக் குண்டு மாதிரி தொங்கவிட்டுப் பார்ப்பேன். பார்த்து அடித்தால் பந்து அழகாகப் போய்க் குழி விளிம்பில் நிற்கும். உள்ளே விழாது. கிளப்பில் என் பெயரே 'விளிம்பு'. ஆக, என் முறையும் அப்படியொன்றும் பிரமாதம் இல்லைதான்.

ஒரு விஷயம். அக்டோபரில் எங்கள் கிளப்பில் குடும்ப ஜோடிப் போட்டி. உறவுக்காரர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஆடுவார்கள். அவர் இருந்தவரை அவரோடு ஆடினேன், பிறகு மகனோடு. அவன் பந்தைத் தேடுவதைவிடப் போனைத்தான் அதிகம் தேடுவான். இந்த முறை நீங்கள் வாருங்கள். நான் தூரத்திலிருந்து அடித்துக் கொண்டுவந்து சேர்க்கிறேன். கிரீனுக்கு வந்ததும் உங்கள் காலைப் பார்ப்போம். சம்பந்தியை விடப் பெரிய உறவு உண்டா?

பிள்ளைகள் உங்களோடு பேசுகிறார்களா? இவன் கொஞ்ச நாளாக வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி பேசுகிறான். வேலை அதிகமாம்.

அன்புடன்,
சம்பந்தி

மார்ச் 9

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

அக்டோபர் இருக்கட்டும், முதலில் நான் மார்ச்சில் நிற்கிறேனா பாருங்கள்.

கோச் நல்ல மனிதர், குரல்தான் லவுட்ஸ்பீக்கர். பந்து போக வேண்டிய வழிக்கு இரண்டு பக்கமும் காலை அகட்டி வைத்து, கண்ணை மூடி நிற்கச் சொன்னார். "எந்தக் கால் கனக்குது?" என்று கேட்டார். "வலது" என்றேன். வேறு இடத்துக்குக் கூட்டிப்போனார். அங்கேயும் வலது. எங்கே நிறுத்தினாலும் வலது. மற்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் சிரிக்கவில்லை. என்னை உள்ளே கூட்டிப்போய் ஆபீஸ் அறையின் சமதரையில் நிறுத்தினார். "இது தட்டை. இங்க வலது எவ்வளவு கனக்குது?" கொஞ்சம் என்றேன். "அந்தக் கொஞ்சம் உங்க காது சொல்ற பொய். அதை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. வெளிய போனா அதைக் கழிச்சுட்டு மிச்சத்தைச் சொல்லுங்க" என்றார்.

சம்பந்தி, உடம்பு பொய் சொல்வதை நிறுத்தும் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். நிறுத்தாவிட்டால் போகட்டும், எவ்வளவு பொய் என்று தெரிந்தால் போதுமே! அன்று வெளியே வந்து முதல் தடவையாக "இடது" என்றேன். பந்தை உருட்டிவிட்டார். இடது பக்கமே வளைந்து ஓடியது. நான் போட்ட கூச்சலில் ஆஸ்பத்திரி ஜன்னல்கள் திறந்தன.

வலது கால் கனத்தால் பந்து வலப்பக்கம் ஓடும், அதனால் குழிக்கு இடப்பக்கம் குறி வைக்க வேண்டும். லேசான கனம் என்றால் ஒரு விரல் அகலம் தள்ளி, நல்ல கனம் என்றால் மூன்று விரல். கையை நீட்டிப் பிடித்து விரலால் அளக்க வேண்டும். இவ்வளவுதான் வித்தை.

எங்கள் வீட்டு இன்ஜினியருக்கு ஓய்வு பெற்றதிலிருந்து கட்டடம் கட்ட ஆசை, கட்டத்தான் யாரும் கூப்பிடவில்லை. இப்போது கூடத்தில் பலகைகளைப் போட்டு, அடியில் அட்டை சொருகி, மேலே கம்பளத்தை விரித்துவிடுகிறார். நான் வெறுங்காலோடு ஏறி நின்று எந்தப் பக்கம் சரிவு என்று சொல்ல வேண்டும். அவர் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து மார்க் போடுவார். நேற்று அறுபது. பாஸ் என்றார். கட்டின பெண்டாட்டிக்குக் கூடுதலாக ஐந்து மார்க் போடாத மனிதர்.

மகள் போன வாரம் வந்திருந்தாள், தனியாக. தூங்கினாள், சாப்பிட்டாள், மறுபடி தூங்கினாள்.

உங்கள் சம்பந்தி

ஏப்ரல் 20

மதிப்புக்குரிய அம்மையாருக்கு,

என் மகன் நேற்று வந்து சொன்னான். உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். இருவரும் பிரிந்துவிடுவதாக உங்கள் மகள் எடுத்த முடிவை அவன் ஏற்றுக்கொண்டிருக்கிறான். காரணம் கேட்டேன். "சண்டை எதுவும் இல்லம்மா" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. சண்டை இல்லாமல் யாராவது பிரிவார்களா?

இந்த நிலையில் நாம் கடிதம் எழுதிக்கொள்வது முறையா என்று எனக்குத் தெரியவில்லை. என் அக்கா கூடாது என்கிறாள். உங்கள் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
டாக்டர்

ஏப்ரல் 28

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

ஆமாம், அப்படியேதான் கூப்பிடுவேன். கோர்ட்டு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும்வரை நீங்கள் எனக்குச் சம்பந்திதான், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

'மதிப்புக்குரிய அம்மையார்' என்று யாருக்கோ வந்த கடிதம் என்று நினைத்து இன்ஜினியர் தபால்காரரைத் திருப்பிக் கூப்பிட்டார்.

எனக்கும் கோபம் வந்தது. 'உங்கள் மகள் எடுத்த முடிவு' என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைப் படித்ததும் காது சரியாக இருந்த காலத்தில் வருகிற மாதிரி சுறுசுறுவென்று வந்தது. பதிலுக்கு நானும் நாலு வார்த்தை எழுதினேன். பிறகு அதை அடுப்பில் போட்டேன்.

மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தது உங்களுக்குத் தெரியுமா? உங்களிடம் சொல்வதற்கு முந்தின நாள் வந்தார். சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அத்தை, அவ மேல தப்பில்ல. என் மேலயும் இல்லன்னு அவ சொல்றா. ஒருத்தருக்கொருத்தர் மரியாதையா இருக்கோம். ஆனா ஒரே வீட்டுல ரெண்டு விருந்தாளிங்க எத்தனை வருஷம் இருக்க முடியும்?" என்றார். மகளும் அதையேதான் வேறு மாதிரி சொன்னாள். "அவரு நல்லவரும்மா. அதனாலதான் இவ்ளோ நாள் ஆச்சு" என்றாள். மாப்பிள்ளைக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, குளியலறையில் நான் பிடித்துக்கொள்ள வாங்கி வந்திருந்த கம்பியைச் சுவரில் பொருத்திவிட்டுப் போனார். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. நல்ல பிள்ளையை வளர்த்திருக்கிறீர்கள். என் மகளும் நல்ல பிள்ளைதான். இந்த இரண்டில் ஒன்றிலாவது எனக்குச் சந்தேகம் வந்தால்தானே உங்களோடு சண்டை போட முடியும்?

எழுத வேண்டாம் என்றால் எழுதவில்லை. ஆனால் அதை உங்கள் அக்கா சொல்லக் கூடாது. நீங்கள் சொல்ல வேண்டும்.

உங்கள் சம்பந்தி

ஜூன் 14

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

பதில் வரவில்லை. வேண்டாம் என்றும் வரவில்லையே, அதனால் எழுதுகிறேன்.

இன்று காலை பஸ் நிறுத்தம் வரை தனியாக நடந்து போய்த் திரும்பி வந்தேன். சுவரைத் தொடவில்லை. நடுவில் ஒரு தள்ளுவண்டி குறுக்கே வந்தது, அதையும் தொடவில்லை. இன்ஜினியர் எனக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்திருக்கிறார். பாதி வழியில் தும்மி மாட்டிக்கொண்டார்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மகளிடம் சொன்னால் உடனே கண் கலங்குகிறாள், இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் கலங்குகிறாள். "என்னால உனக்கு ஒரு சிநேகிதமும் போச்சு" என்கிறாள். உங்களிடம் சொன்னால் 'அதிலென்ன' என்று மூக்கை உறிஞ்சுவீர்கள். அதுதான் எனக்கு வேண்டும்.

உங்கள் சம்பந்தி

ஜூலை 17

அன்புள்ள பார்ட்னருக்கு,

அதிலென்ன!

சொல்லிவிட்டேன். இப்போது மற்றதைக் கேளுங்கள்.

கம்பி மாட்டிய கதையை அவன் என்னிடம் சொல்லவே இல்லை. பெற்றவளுக்குத் தெரியாததை உங்கள் கடிதம் படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால் வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுதாமல் இருந்தால் அதைவிட அதிகம். நடுவில் முடி வளர்ந்துவிட்டது. வழக்கமாக வெட்டிவிடுகிற உங்களிடம் வர முகமில்லாமல் இங்கே ஒரு பார்லரில் வெட்டிக்கொண்டேன். கண்ணாடியில் என் அண்ணன் தெரிகிறான். இது எனக்கு வேண்டும்.

உங்கள் கடிதங்களைத் திருப்பித் திருப்பிப் படித்ததில் ஒரு நாள் கை, இல்லை, கால் அரித்தது. விடிந்தும் விடியாமல் கிளப்புக்குப் போய், யாரும் இல்லாத கிரீனில் ஷூவைக் கழற்றிவிட்டு, காலை அகட்டி, கண்ணை மூடி நின்றேன். ஒன்றும் தெரியவில்லை. குளிர்தான் தெரிந்தது. மறுநாளும் போனேன். நாலைந்து நாள் கழித்து இடது குதிகாலில் ஏதோ லேசாக அழுந்துகிற மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் தரை தட்டையாகத் தெரிகிறது. பந்தை உருட்டினேன், இடது பக்கம் திரும்பியது! இத்தனை வருஷம் அந்த இடத்தைத் தட்டை என்றே நினைத்து அடித்திருக்கிறேன். "டாக்டர், கிரீன்ல வெறுங்கால் கூடாது" என்று பின்னாலிருந்து குரல். கிளப் செயலாளர். விதியைத் தவிர வேறு எதையும் காதலிக்காத மனிதர்.

வந்ததுதான் வந்தார் என்று, அக்டோபர் போட்டிக்கு நம் ஜோடியைப் பதியச் சொன்னேன். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"விதிப்படி குடும்பத்துக்காரங்கதான் டாக்டர். அவங்க இப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

கிளப் முழுக்கச் செய்தி பரவியிருக்கிறது போலும். என்னை அழைத்துப்போக வந்த மகன் பக்கத்தில்தான் நின்றான். போனைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு அத்தை" என்றான்.

"உங்களுக்குத்தான் சார் டைவர்ஸ் ஆகப்போகுதே?"

"பொண்டாட்டிகிட்டதான் சார் கையெழுத்து வாங்கியிருக்காங்க. அத்தைகிட்ட யாரும் வாங்கலையே."

செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் இதற்கு இடமும் இல்லை, தடையும் இல்லை. பெயரை எழுதிக்கொண்டார்.

வருவீர்கள்தானே?

உங்கள்,
விளிம்பு

ஆகஸ்ட் 2

அன்புள்ள விளிம்புக்கு,

வருகிறேன். நிபந்தனைகள் உண்டு. முந்தின நாளே வந்து உங்கள் தலையைச் சரி செய்வேன். உங்கள் அண்ணனோடு நான் ஜோடி சேர மாட்டேன். நான் கண்ணை மூடி நிற்கும்போது பக்கத்தில் நின்று 'கண்ணுக்கு அப்படித் தெரியலையே' என்று முணுமுணுக்கக் கூடாது. நான் தள்ளாடினால் ஓடி வந்து பிடிக்கக் கூடாது, விழுந்தால் மட்டும் பிடிக்கலாம்.

நான் தொட்டு உருட்ட வேண்டியதெல்லாம் குழிக்குப் பக்கத்திலிருந்துதான் என்று கோச்சிடம் சொன்னேன். "அங்கதாங்க எல்லாரும் சாவறாங்க" என்றார். ரொம்பத் தைரியம் சொல்கிற மனிதர்.

மகள்தான் காரோட்டி வருகிறாள். "நான் வரலாமாம்மா? அவங்களுக்குச் சங்கடமா இருக்காதா?" என்று கேட்டாள். "அவங்க வீட்டுக்கா போறோம்? புல்தரைக்குப் போறோம். புல்லுக்கு என்ன சங்கடம்?" என்றேன். சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம்.

உங்கள் பார்ட்னர்

அக்டோபர் 11

அன்புள்ள பார்ட்னருக்கு,

கிறுகிறுப்பு நின்றதா? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கடைசிக் குழியில் நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டீர்கள், பிறகு உங்கள் மகள் நேராகக் காரில் ஏற்றிப் போய்விட்டாள். முக்கியமான இடத்தைப் பார்க்காமல் போய்விட்டீர்கள். நான் சொல்லாமல் யார் சொல்வது?

அதுவரை எவ்வளவு நன்றாக ஆடினோம்! அதாவது, நீங்கள் ஆடினீர்கள். நான் பந்தைக் குளத்துக்குள் அடித்தேன். கிரீனுக்கு கிரீன் நீங்கள் கண்ணை மூடி நின்று "ரெண்டு விரல், இடது" என்பதும், பந்து சொன்ன பேச்சைக் கேட்பதும், பக்கத்து ஜோடி அதைப் பார்த்துவிட்டு ரகசியமாகக் காலை அகட்டி நின்று பார்த்ததும் எனக்கு ஜன்மத்துக்கும் போதும்.

பகல் முழுக்க நின்றது உங்களுக்கு அதிகம். கடைசிக் குழிக்கு வந்ததும் நீங்கள் வெளுத்துப்போய், "இப்ப எல்லாப் பக்கமும் கனக்குது, என்னை நம்பாதீங்க" என்றீர்கள். நீங்கள் பெஞ்சில் சாய்ந்ததும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஒரு பக்கத்திலிருந்து உங்கள் மகள் தண்ணீரோடு, இன்னொரு பக்கத்திலிருந்து என் மகன் குடையோடு. இருவரும் உங்களுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். அவன் குடை பிடித்தான், அவள் உங்கள் முதுகைத் தடவினாள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அவன் கை வலித்துக் கை மாற்றும்போது அவள் தானாகக் குடையை வாங்கிப் பிடித்தாள். அந்த இரண்டு பேரையும் நான் அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். சண்டை இல்லாமல் பிரிவார்களா என்று உங்களைக் கேட்டேனே, பிரிவார்கள்.

நீங்கள் சாய்ந்துவிட்டதால் உருட்ட வேண்டிய முறை என்னுடையதானது. நான் வழக்கம்போல் குந்தி, ஒரு கண்ணை மூடினேன். இடப்பக்கம் சரிவு என்று தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது. அப்போதுதான் தலையைத் தூக்காமலேயே நீங்கள் கத்தினீர்கள்: "பாக்காதீங்க! நில்லுங்க!"

நின்றேன். ஷூவைக் கழற்றினேன். கண்ணை மூடினேன். வலது கால் கனத்தது. எனக்குப் பயமாகிவிட்டது. கண் ஒன்று சொல்கிறது, கால் வேறொன்று சொல்கிறது, சுற்றிலும் கிளப்பே நிற்கிறது. உங்களைக் கேட்கலாம் என்று பார்த்தால் நீங்கள் குடைக்குள்ளே. சரி, வருவது வரட்டும் என்று குழிக்கு இடப்பக்கம் ஒரு விரல் தள்ளி உருட்டினேன். பந்து போனது, போனது, வலது பக்கம் மெல்லத் திரும்பி உள்ளே விழுந்தது. நீங்கள் கேட்ட அலறல் என்னுடையதுதான், யாருக்கும் அடிபடவில்லை. செயலாளர் கைதட்டிக்கொண்டே "டாக்டர், ஷூ" என்றார்.

கடைசிக்கு முந்தின இடம் நமக்கு. கடைசி இடம் பிடித்தவர்கள் தேனிலவுத் தம்பதி, அவர்கள் பந்தையே பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் மனசை அறுக்கிறது. காலையில் டீ குடிக்கும் இடத்தில் உங்கள் மகள் என்னிடம் வந்தாள். "அத்..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, "ஆன்ட்டி, நல்லா இருக்கீங்களா?" என்றாள். இருக்கேன் என்று சொல்லி டீயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவளிடம் சொல்லுங்கள், அந்தப் பாதி வார்த்தை எனக்குக் காதில் விழுந்தது என்று.

அன்புடன்,
பார்ட்னர்

அக்டோபர் 19

அன்புள்ள பார்ட்னருக்கு,

கிறுகிறுப்பு அன்று ராத்திரியே போய்விட்டது. கடைசிப் பந்து விழுந்ததைப் பார்க்காததுதான் வருத்தம். இன்ஜினியர் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "ஒரு விரல்னா எவ்வளவு சரிவு? அளந்தாங்களா?" என்று கேட்கிறார். அவரைச் சமாளிக்க என்னால் ஆகாது, நேரில் வரும்போது நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்லரை மறுபடி திறந்துவிட்டேன், காலை வேளையில் மட்டும். முதல் ஆளாக வந்தவர் ஆம்புலன்சில் கூட வந்த அந்த அம்மா. தைரியசாலி.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியை மகளுக்குப் படித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். நானும் என் வேலையைப் பார்த்தேன். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போது, முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்:

"அம்மா, அத்தைக்குக் கிளினிக் எத்தனை மணிக்கு முடியும்?"

ஏழு மணி என்று சொல்லியிருக்கிறேன். போன் அடித்தால் எடுங்கள்.

உங்கள் பார்ட்னர்